எல்லோரும் குனிந்தபோது

குத்துச்சண்டையில் கை முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். எந்த ஊரில் போய்ச் சேர்ந்தாலும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். என் கை முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. முதுகு வளைந்திருந்தது. என் கண் எதிரில் நிற்பவளின் முகத்தைப் பார்க்காது, காலைத்தான் பார்க்கும். இப்படி நின்றுகொண்டு ரொம்ப நாள் நான் யாரிடமும் தோற்கவில்லை.

உன்னை மாதிரியே எல்லோரும் ஆடினால் என்ன ஆகும் என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். டீக்கடையில் பொழுது போகாமல் கேட்கிற கேள்வி அது. எனக்கு அப்படி இல்லை. எல்லோரும் என்னை மாதிரி ஆடினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

ஏலச்செடி ஆளைவிட உயரமாக வளரும். ஆனால் காய் மேலே இருக்காது. செடியின் தூரில் இருந்து சரம் கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும், அதில்தான் காய். முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். பிஞ்சைச் சேர்த்துப் பறித்தால் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்க வேண்டும். சரிவில் ஒரு காலை மேட்டில் ஊன்றி, இன்னொரு காலைப் பள்ளத்தில் கொடுத்து, இடுப்பை மடக்கிக்கொண்டு இரண்டு கையாலும் எடுப்போம். உட்கார்ந்து எடுத்தால் அட்டை ஏறும், வேலையும் ஓடாது. பள்ளிக்கூட லீவுகளில் போய்க்கொண்டிருந்தவள், பன்னிரண்டாவது முடித்ததும் தினமும் அம்மாவோடு ஜீப்பில் ஏற ஆரம்பித்தேன். இருட்டோடு போடியில் இருந்து கேரளா ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பும் ஜீப்பு. உள்ளே மடிமேல் மடியாக ஆள். போடிமெட்டு ஏறும்வரை ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தி வாந்தி எடுப்பாள். உருண்டு போன ஜீப்புகளைப் பற்றி அந்த ஜீப்புக்குள் யாரும் பேச மாட்டோம்.

அம்மாவுக்கு இப்போது முதுகு நிமிராது. குடத்தைத் தூக்கினால் அப்படியே பாதியில் நின்றுவிடுவாள். என் வயதில் அவள் நேராக நடந்தவள்தான், கல்யாணப் போட்டோவில் பார்த்திருக்கிறேன். அந்த முதுகுதான் எனக்கும் வரும். வராமல் இருக்க வேண்டுமானால் அந்த ஜீப்பில் இருந்து இறங்க வேண்டும். எனக்கு வேறு எந்தப் பெரிய கனவும் கிடையாது.

அப்படிச் சில வருஷம் போன பிறகு குத்துச்சண்டைக்கு நான் போனது முட்டைக்காக. டவுனில் பழைய ஏலக்காய்க் குடோன் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பொம்பளைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடக்கிறது, வந்தால் அவித்த முட்டையும் சுண்டலும் தருகிறார்கள் என்று எங்கள் தெருக்காரி ஒருத்தி சொன்னாள். நடத்தியவர் ஒரு உடற்பயிற்சிக் கூடக்காரர். காலேஜில் படித்தபோது கொஞ்சம் ஆடியிருக்கிறார். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

முதல் நாளே என்னோடு மல்லுக்கு நின்றார்.

"கையத் தூக்குத்தா."

"தூக்கித்தான் வச்சிருக்கேன் மாஸ்டர்."

"இதுக்குப் பேரு தூக்குறதா? தோடு திருகாணியத் தொலைச்சவ மாதிரி நிக்கிற."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் என் இரண்டு கையையும் பிடித்துத் தாடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார். திரும்பிப் பார்ப்பதற்குள் கை கீழே வந்திருக்கும். நான் வேண்டுமென்று செய்யவில்லை. உடம்பு ஓய்ந்ததும் தன்னால் போய் நிற்கிற இடம் அதுதான். கடைசியில் வெறுத்துப்போய், அடி வாங்கினால் தானாகத் தூக்குவாள் என்று என்னை ஒருத்தியோடு மோத விட்டார். அவள் எனக்கு முன்பே சேர்ந்து நன்றாகப் பழகியவள். அவள் விட்ட குத்தெல்லாம் என் தலைக்கு மேலே காற்றில் போனது. நான் கீழே இருந்து எழுந்து வயிற்றில் ஒன்று, தாடையில் ஒன்று வைத்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மாஸ்டர் என் கையைத் தொடவில்லை.

அதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. முகத்துக்கு நேராகக் குத்திக் குத்திப் பழகியவர்களுக்கு அந்த இடத்தில் முகம் இல்லை என்றால் என்ன செய்வது என்று தெரியாது. கை கிளம்புவதற்கு முன்னால் கால் அசையும். நான் காலைப் பார்த்துக்கொண்டிருப்பதால் எனக்கு முதலிலேயே தெரிந்துவிடும். ஒரு முழு ரவுண்டு குனிந்து நிற்பது மற்றவர்களுக்குத் தண்டனை. நாள் முழுக்கக் குனிந்து நிற்பவளுக்கு அது ஒன்றுமே இல்லை.

மாவட்ட அளவில் ஜெயித்தேன். மதுரைப் பக்கம் போய் ஜெயித்தேன். நடுவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவர் ஆட்டம் முடிந்த பிறகு, "எங்க பிடிச்சம்மா இந்த ஸ்டைல?" என்று கேட்டார். ஏலக்காய் எடுக்கிறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தலை இடுப்புக்குக் கீழே போனால் தப்பு என்று அப்போதும் விதியில் இருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. ஒருத்திதானே, கிராமத்துப் பிள்ளை, ஆடிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள்.

மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம் என்று மாஸ்டர் சொன்னார். வயது தாண்டுவதற்குள் வாங்க வேண்டும். அந்தப் போட்டிக்கு மாவட்டத்தில் ஆள் எடுக்கும் தேர்வில் எனக்கு அடுத்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. "அங்க உக்காந்து பாக்குற சோலி இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கும் என்றேன்.

என்னுடைய ஆட்டம் ஒன்றை யாரோ போனில் பிடித்துப் போட, அது ஊர் முழுக்க வாட்சப்பில் சுற்றியது. ஜீப்பு டிரைவர் அண்ணன்கூட ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையைக் கீழே ஆட்டிக் காட்டினார். "அண்ணே, ரோட்டப் பாருண்ணே" என்று உள்ளே இருந்து அத்தனை பேரும் கத்தினோம். வினை அந்த வீடியோவில்தான் ஆரம்பித்தது. மாஸ்டருக்குப் பெரிய மனிதர்கள் போன் செய்தார்கள். போடிக்கென்று ஒரு ஸ்டைல் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, "இனிமே எல்லாரும் இவள மாதிரிதான்" என்றார்.

குடோனில் கிடந்த பலகைகளை எடுத்து ஒரு பக்கம் செங்கல் முட்டுக்கொடுத்துச் சரிவாகப் போட்டார். அதில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்துப் பிள்ளைகள் குனிந்து நின்றார்கள். ஜவுளிக்கடைக்காரர் மகள், பஸ் கண்டக்டர் மகள், சிலமலையில் இருந்து சைக்கிளில் வருகிற அக்கா தங்கச்சி, எல்லோரும். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். பலகை போதாது என்று ஒரு நாள் மேலே தோட்டத்துக்கே கூட்டி வந்துவிட்டார். நாங்கள் காய் எடுக்கும் சரிவில் டவுன் பிள்ளைகள் டிராக் சூட்டோடு வழுக்கி வழுக்கி விழுந்தார்கள். ஒருத்தியின் கழுத்தில் அட்டை ஏறி, அவள் போட்ட கூச்சலில் சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"எந்தா இது? சர்க்கஸ் கம்பெனியா?"

எங்களோடு காய் எடுக்கிற மதினி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "நாம இந்தச் சோலிய விட்டு எப்படா போவோம்னு கெடக்கோம். இதுக மெனக்கெட்டுக் கத்துக்க வந்துருக்குதுக பாரு."

அன்றைக்கு நானும் சிரித்தேன். ஜீப்பில் திரும்பும்போதுதான் இது எங்கே போய் முடியும் என்று யோசித்தேன்.

மறுநாள் மாஸ்டருக்குப் போன் செய்து நேராகவே சொன்னேன்.

"மாஸ்டர், இது வேணாம். நான் ஒருத்தி ஆடுறதாலதான் எவளுக்கும் புரியல. எல்லாரும் ஆடுனா எல்லாருக்கும் புரிஞ்சு போயிரும்."

"உனக்குப் பொறாம ஆத்தா."

"பொறாமதான். அது இருக்கட்டும். தேவாரம் ஊருல எங்க சின்னம்மா வீட்டுத் தோட்டத்துல யான வரும். மொத மொத வெடி போட்டப்ப யான ஓடிருச்சு. அப்புறம் சுத்தி இருக்குற அத்தன தோட்டத்துலயும் வெடி போட்டாங்க. இப்ப வெடி வெடிக்க வெடிக்க அது நின்னு வாழையத் திங்கிது."

"மத்த பிள்ளைகள யானைங்கிறியா?"

"ஆமா, மாஸ்டர். வெளியூர்ப் பிள்ளைகளத்தான் சொல்றேன்."

அவர் சிரித்துவிட்டுப் போனை வைத்தார். எட்டுப் பேர் ஜெயித்தால் அவருக்கு எட்டு மெடல். நான் மட்டும் ஜெயித்தால் ஒன்று. அவர் கணக்கு அவருக்கு.

முதலில் பலித்தது. அதை மறைக்க மாட்டேன். அடுத்த போட்டியில் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஜெயித்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் திகைத்து நின்றார்கள். மாஸ்டர் என் முகத்துக்கு நேராக வந்து, "எங்க உன் யான?" என்று கேட்டார். 

யானை அதற்கு அடுத்த போட்டியில் வந்தது. திண்டுக்கல் பக்கத்துக் கிளப் ஒன்று எங்கள் வீடியோக்களைப் போட்டுப் பார்த்துப் பழகி வந்திருந்தது. நாங்கள் குனிந்தால் அவர்கள் ஒரு எட்டு பின்னால் போய்க் காத்திருந்தார்கள். நாங்கள் எழும்பும்போது கீழே இருந்து தாடைக்கு ஒன்று வைத்தார்கள். இது கூடப் பரவாயில்லை, எனக்கு அதையும் சமாளிக்கத் தெரியும். நடுவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒருத்தி குனிந்தபோது சிரித்தவர்கள், ஒரே ஊரில் இருந்து வரிசையாக எட்டுப் பேர் குனிந்துகொண்டு வந்ததும் விதிப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். தலை இடுப்புக்குக் கீழே போகிறது என்று ஆட்டத்தை நிறுத்தினார்கள். கண்டித்தார்கள். திரும்பவும் குனிந்தால் பாயிண்டைக் குறைத்தார்கள். அன்றைக்கு நான் ஜெயித்தேன், மயிரிழையில். மற்றவர்கள் எல்லோரும் தோற்று, பஸ்சில் அழுதுகொண்டே வந்தார்கள்.

தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஒருத்தியைத்தான் மாவட்டத்தில் இருந்து அனுப்புவார்கள். என் எடையில் என்னோடு இருந்தவள் ஜவுளிக்கடைக்காரர் மகள். எங்கள் பிள்ளைகளிலேயே என்னை ஒழுங்காகக் காப்பி அடித்தவள் அவள்தான். நெட்டையான பிள்ளை, நல்ல பிள்ளை. என்னை அக்கா என்பாள். வீட்டில் இருந்து எனக்கும் சேர்த்துப் பணியாரம் கொண்டு வருவாள்.

தேர்வு அன்று ரிங்குக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஏறினோம். மணி அடித்தது. நான் குனிந்தேன். அவளும் குனிந்தாள். நான் அவள் காலைப் பார்த்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். யார் கையும் யாருக்கும் எட்டவில்லை. குனிந்தபடியே இரண்டு பேரும் சுற்றிச் சுற்றி வந்தோம். கூட்டத்தில் இருந்து ஒருவன், "என்னத்தத்தா தொலைச்சீக? ரெண்டு பேருமா தேடுறீக?" என்று கத்தினான். கூடம் முழுக்கச் சிரிப்பு. நடுவர் இரண்டு பேரையும் நிறுத்தி இரண்டு பேரையும் கண்டித்தார். எங்கள் தலை இரண்டும் முட்டிக்கொண்டது. திரும்பவும் கண்டிப்பு. என் வாழ்க்கையில் நான் ஆடிய ஆட்டத்திலேயே அசிங்கமானது அது. என்னை எதிர்த்து நானே ஆடினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒன்றுமே நடக்காது.

இரண்டு ரவுண்டு அப்படிப் போனது. மூன்றாவது ரவுண்டுக்கு மணி அடித்ததும் அவள் நிமிர்ந்தாள்.

இரண்டு கையையும் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்தாள். பழைய மாதிரி. அவள் இந்தக் கிளப்பில் சேர்ந்தபோது மாஸ்டர் முதல் நாள் சொல்லிக் கொடுத்ததே அதுதான். என் மாதிரி என்பது அவள் பிற்பாடு மேலே போட்டுக்கொண்ட சட்டை. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். அவள் எட்டி நின்றுகொண்டு இடது கையால் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் குனிந்தால் நடுவர் பார்க்கிறார். நிமிர்ந்தால் எனக்கு எதுவும் தெரியாது. நிமிர்ந்து பார்த்தேன். கையைத் தூக்கினேன். என் கை எனக்கே குறுக்கே வந்தது. மூக்கில் ஒன்று விழுந்தது. தன்னால் குனிந்தேன். பாயிண்டு போனது.

அவள் கையைத் தூக்கினார்கள். அவள் அழுதாள். நான் அழவில்லை. உடை மாற்றுகிற இடத்துக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"அக்கா, கோவிச்சுக்காதக்கா. வேற வழி தெரியல."

"உனக்கு வேற வழி இருந்துச்சு. எனக்குத்தான் இல்ல. போ, போயி மாநிலத்துல ஜெயிச்சுட்டு வா."

இதை நல்ல மனதோடு சொன்னேன் என்று எழுத மாட்டேன். அவள் போவதற்காகச் சொன்னேன்.

மாநிலப் போட்டியில் அவள் வெண்கலம் வாங்கினாள். கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, மற்ற எல்லோரையும் போல. வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாள், கிடைத்துவிடும் என்கிறார்கள். கிடைக்கட்டும். எனக்கு வயது தாண்டிவிட்டது.

அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டி இருக்கவில்லை. மறுநாள் காலையில் ஜீப்புக்குக் கிளம்பும்போது எனக்கும் சேர்த்துத் தூக்குவாளியை இரண்டாக எடுத்து வைத்தாள்.

அப்புறம் ஜீப்பில் போகும்போதும் வரும்போதும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் ஸ்டைல் நல்ல ஸ்டைலா, இல்லை யாரும் பார்க்காததால் பிழைத்ததா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. முதுகும் தொடையும் என்னுடையவை, அவற்றை எவளும் பலகையில் நின்று ஒரே மாதத்தில் வாங்க முடியாது. அதனால்தான் மற்றவர்கள் சீக்கிரம் விழுந்தார்கள், நான் கடைசியில் விழுந்தேன். ஆனாலும் விழுந்தேன். கோணலாக ஆடுகிறவள் பிழைக்க வேண்டுமானால் சுற்றி எல்லோரும் நேராக ஆட வேண்டும். எல்லோரும் கோணலானால் நேராக ஆடுகிறவள்தான் வித்தியாசமானவள், அவள் ஜெயிப்பாள். அப்போது எல்லோரும் திரும்ப நேராகப் போய்விடுவார்கள், போவதற்கு அவர்களுக்கு இடம் இருக்கிறது. கோணல் மட்டும் தெரிந்தவள் அங்கேயே நிற்பாள். கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். யாருக்கும் பிடிப்பதில்லை. எல்லோரும் மாறினால் உலகமே மாறும் என்று சொல்லுவேன் என்று எதிர்பார்த்து வருகிறார்கள்.

பலகைகளை எல்லாம் மாஸ்டர் அடுக்கி மூலையில் வைத்துவிட்டார். இப்போது குடோனில் எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் ஆடுகிறார்கள். போன மாதம் எனக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழம வர்றியாத்தா?"

"எதுக்கு மாஸ்டர்?"

"பிள்ளைகளோட கொஞ்சம் மோதணும். வித்தியாசமா ஆடுறவ எவளாச்சும் எதுக்க வந்தா எப்படி அடிக்கணும்னு இதுகளுக்குத் தெரியணும்ல? உன்ன விட்டா யாரு இருக்கா?"

வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். எவளையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது, அதனால் போனேன். வரிசையாக ஒவ்வொருத்தியாக அனுப்பினார். முதல் இரண்டு பேரை நன்றாகவே அடித்தேன். "மெதுவாத்தா, மெதுவா" என்று கத்தினார். மூன்றாவதாக வந்தவள் புதியவள், குள்ளம், என்னை இதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு எட்டு பின்னால் போனாள். காத்திருந்தாள். நான் எழும்பும்போது கீழே இருந்து தாடையில் வைத்தாள்.

"அப்படித்தான்! எல்லாரும் பாத்தீகளா? இன்னொரு தடவ செய்யி" என்றார் மாஸ்டர். பிள்ளைகள் நன்றாகப் பார்ப்பதற்காகப் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

நான் குனிந்தேன்.